எந்தப் பக்கம் முகம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னியிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், லைட்னிங் ரிட்ஜ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கறுப்பு ஓபலுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒருவரோ இருவரோ சேர்ந்து மணற்பாறையைத் துளைத்துக் கிணறுபோல இறங்குவார்கள். அடியில் இருக்கும் வெளிர்நிறக் களிப்பாறையைப் பெயர்த்து மேலே அனுப்புவார்கள். அந்த மண்ணைப் பழைய கான்கிரீட் லாரியின் உருளைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுச் சுழலவிடுவார்கள். களி கரைந்து ஓடிவிடும். தொட்டியின் அடியில் தங்குவது கொஞ்சம் கல். அதில் உருண்டையாகவும் சப்பையாகவும் கிடக்கும் ஓபல் கட்டிகளுக்கு அந்த ஊரில் ‘நாப்பி’ என்று பெயர்.

நாப்பியைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். சாம்பல் நிறம், சொரசொரப்பான தோல், இடுக்குகளில் காய்ந்த களி. ஆற்றங்கரையில் கிடந்தால் காலால் தள்ளிவிட்டுப் போவோம். ஒரு மூலையைக் குறடால் கிள்ளியெறிந்தால், உடைந்த இடத்தில் பச்சையாக ஒரு கோடு மின்னலாம். மின்னாமலும் போகலாம்.

மின்னியது என்றே வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கல்லே நம் கையில் இருக்கட்டும். நீளம் 18 மில்லிமீட்டர், அகலம் 14, உயரம் 11. எடை ஏறத்தாழ 3 கிராம். அதாவது 15 காரட். கிள்ளிய மூலையில் தெரியும் பச்சைக் கோட்டின் தடிமன் 2 மில்லிமீட்டர். அதற்குக் கீழே கருமையான, நிறம் காட்டாத பொருள். மேலேயும் நிறமற்ற சாம்பல் பொருள். நிறமில்லாத இந்த ஓபலைச் சுரங்கக்காரர்கள் ‘பாட்ச்’ என்கிறார்கள். கோடாகத் தெரிவது உண்மையில் கோடு கிடையாது. கல்லுக்குள் படுத்திருக்கும் ஒரு தகட்டின் விளிம்பு. அதை நிறப்பட்டை என்போம்.

இதிலிருந்து 14 மில்லிமீட்டர் நீளமும் 10 அகலமும் 4 உயரமும் உள்ள, மேற்புறம் குவிந்த ஒரு நீள்வட்டக் கல் கிடைத்தால் அதன் எடை சுமார் 3 காரட் இருக்கும். மற்ற 12 காரட்டும் சாணைச் சக்கரத்தின் கீழே வெள்ளைச் சேறாக வழிந்துவிடும். எந்தப் 12 காரட்டைச் சேறாக்குவது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்ல, நிறம் கல்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

மாணிக்கத்தின் சிவப்புக்குக் குரோமியம் காரணம். நீலக்கல்லின் நீலத்துக்கு இரும்பும் டைட்டானியமும். அந்தக் கற்களைத் தூளாக்கினாலும் நிறப்பொருள் தூளுக்குள் இருக்கும். ஓபலைத் தூளாக்கினால் வெறும் வெள்ளை மாவுதான் மிஞ்சும். வேதியியலைக் கேட்டால், பச்சைப் பட்டையும் அதன் மேலிருக்கும் சாம்பல் பாட்சும் ஒரே பொருள்: சிலிக்கா, அதோடு கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் பெரும்பாலும் எடையில் 3 முதல் 10 சதவீதம்வரை.

இந்தப் புதிர் நம் ஊர்க்காரர் ஒருவரையும் பிடித்து ஆட்டியது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு நிறம் காட்டும் கற்கள்மீது தீராத காதல். முத்து, சிப்பி, லாப்ரடோரைட் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார், ஆராய்ந்தார். 1953இல் அ. ஜெயராமனுடன் சேர்ந்து ஓபலின் அமைப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஒளியை வெவ்வேறு அளவில் விலக்கும் மெல்லிய அடுக்குகள் சீராக மாறிமாறி அமைந்திருப்பதே நிறத்துக்குக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். அடுக்குகளின் சீர்மை என்ற மையக் கருத்து சரி. அடுக்குகள் எதனால் ஆனவை என்பதைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1964இல் மெல்போர்னில், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வு அமைப்பில் பணியாற்றிய ஜான் சாண்டர்ஸ் அதைப் படம்பிடித்துக் காட்டினார். கடையில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிவைத்ததுபோல, மிக நுண்ணிய சிலிக்கா கோளங்கள் வரிசை வரிசையாக நின்றன.

ஒரு கோளத்தின் விட்டம் 150 முதல் 300 நானோமீட்டருக்குச் சற்று மேல்வரை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு. அடுத்தடுத்த வரிசைகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் நிறம் மட்டும் கண்ணுக்கு வருகிறது. எக்ஸ் கதிரை வைத்துப் படிகங்களை ஆராயப் பயன்படும் அதே பிராக் விதிதான். கணக்குப் போட்டால் ஒரு எளிய விகிதம் கிடைக்கும். ஓர் ஓபல் காட்டக்கூடிய மிக நீண்ட அலை, அதன் கோளத்தின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 2.4 மடங்கு. கோளம் 200 நானோமீட்டர் என்றால் 480, அதாவது நீலம். அந்தக் கல்லை எப்படித் திருப்பினாலும் சிவப்பு வராது. கோளம் 300 என்றால் 700ஐத் தாண்டும், சிவப்பு வரும். விளக்கும் கண்ணும் கல்லின் ஒரே பக்கத்தில் நெருங்கி இருக்கும்போதுதான் அந்த நீண்ட அலை கிடைக்கும். இரண்டும் விலக விலக நிறம் நீலத்தை நோக்கி நகரும். சிவப்பைத் தேட வேண்டுமானால் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று கல்லைப் பார்க்க வேண்டும்.

பாட்சிலும் கோளங்கள் உண்டு. பெரிதும் சிறிதுமாகக் கலந்தோ, வரிசை குலைந்தோ கிடக்கின்றன. அவ்வளவே வேறுபாடு.

இதை அறிந்த பிறகு கல்லைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. நாம் செதுக்கப்போவது ஒரு பொருளை என்பதைவிட ஓர் ஒழுங்கை என்று சொல்வதே பொருத்தம். ஒழுங்குக்குத் திசை உண்டு. ஆகவே கல்லுக்கும் ஒரு முகம் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் சக்கரத்தை ஓடவிடக் கூடாது.

நம் கல்லுக்கு வருவோம். முதல் வேலை, தோலைச் சீவுவது. வைரத்தூள் பதித்த சக்கரம், அதுவும் பழகித் தேய்ந்த நடுத்தரச் சொரசொரப்புள்ளது. புதிய முரட்டுச் சக்கரம் ஓபலைக் கடித்துக் குதறிவிடும். மோஸ் அளவில் இதன் கடினம் 5.5 முதல் 6.5வரைதான், கண்ணாடியை ஒத்தது. தண்ணீர் இடைவிடாமல் ஓட வேண்டும். சூடு ஏறினால் கல் விரிசல் விடும். காய்ந்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற, திரும்பிவர வழியில்லாத நோய் வரும். கல்லுக்காக விடும் தண்ணீர் மனிதரையும் காக்கிறது. ஆனாலும் முகமூடி வேண்டும், ஈரத் துளிகளிலும் தூள் இருக்கிறது.

அந்தத் தண்ணீரால் ஒரு தொல்லை. ஈரமான கல் எப்போதும் அழகாகத் தெரியும். கீறல்களில் தண்ணீர் நிரம்பி அவற்றை மறைத்துவிடும், நிறம் கொழுந்துவிடும். ஓபலைத் தண்ணீர்க் குப்பியில் போட்டு விற்பவரிடம் வாங்கினால், வாங்கியது கல்லா தண்ணீரா என்பது வீட்டுக்கு வந்து காயவைத்த பிறகே தெரியும். ஆகையால் சில நொடிகளுக்கு ஒருமுறை கல்லைச் சக்கரத்திலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, உலர்ந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் சாணை பிடிக்கும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரமே அதிகம்.

இப்போது மூலைகள் சிலவற்றில் சிறு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. கிள்ளிய மூலையில் பட்டை மேலே தெரிந்தது. எதிர் மூலையில் அது கொஞ்சம் கீழே வெளிப்படுகிறது. அப்படியென்றால் பட்டை கல்லின் வடிவத்துக்கு இணையாக இல்லை, சாய்ந்து கிடக்கிறது. பார்வைக்கு எது ‘மேல்புறம்’ என்று தோன்றுகிறதோ அதை நம்பிச் சாணை பிடித்தால் என்ன ஆகும்? பட்டைக்கும் நம் பரப்புக்கும் 10 டிகிரி வேறுபாடு என்று வைத்தால், 14 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயரம் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் மாறும். பட்டையின் தடிமனோ 2. ஒரு முனையில் நிறத்தைத் தொடும்போது மறுமுனையில் அதைத் தாண்டிக் கருப்புப் பாட்சுக்குள் போய்விட்டிருப்போம். பத்து டிகிரி என்பது கைக்கடிகார முகத்தில் இரண்டு நிமிடக் கோட்டுக்கும் குறைவு.

ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். ரம்பத் தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றாலும், இந்தக் கல்லைக் குறுக்காக அறுக்கும் ஒரே வெட்டில் அரைக் காரட்டுக்கு மேல் தூளாகிவிடும். அதைவிட மோசம், ரம்பம் போகும் பாதை பட்டைக்குள்ளேயே விழலாம். பெரிய தட்டைக் கற்களுக்கு ரம்பம் சரி. நாப்பிக்கு வேண்டாம் என்பேன். ஜன்னல் ஜன்னலாகத் திறந்து, பட்டையின் ஓரத்தைக் கல்லைச் சுற்றிலும் தொடர்ந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது மெதுவான வழி, ஆனால் எதையும் பறிகொடுக்காத வழி.

விளிம்பில் தெரிந்த பச்சை அற்புதமாக இருக்கிறதே, அதே பச்சை முகத்திலும் வருமா? உறுதி இல்லை. விளிம்புவழியாகப் பார்க்கும்போது தகட்டின் முழு நீளத்தையும் ஊடுருவிப் பார்க்கிறோம், வேறொரு திசையிலிருந்தும் பார்க்கிறோம். பக்கவாட்டில் தீயாக எரிந்து, முகத்தில் மந்தமாகிப்போன கற்கள் ஏராளம். கச்சாக் கல் வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

நம் கல்லின் மேல் இருக்கும் சாம்பல் பாட்சைச் சீவிக்கொண்டே வருகிறோம். மெல்லிய பனிப்படலம்போல் அது ஒளி விடத் தொடங்கியதும் சக்கரத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறோம். படலம் விலகுகிறது. நல்ல பச்சை, கல்பாவிய தரையைப்போல் திட்டுத்திட்டாக. கல்லைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்க்கிறோம். நடுவில் பெரிய சிவப்புத் திட்டு ஒன்று எழுந்து அணைகிறது.

இங்கேதான் வேலை நின்றுவிடும். நிற்க வேண்டும்.

ஓபல் சந்தையில் சிவப்புக்குத் தனி மதிப்பு. அதற்கான பெரிய கோளங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட கல் கிடைப்பது அரிது. நம் சிவப்பு, கல்லை 15 டிகிரி சாய்த்தால் தெரிகிறது. காற்றிலிருந்து ஓபலுக்குள் நுழையும் ஒளி வளைவதால், கல்லுக்குள் அது சுமார் 10 டிகிரி சாய்வு. அந்தத் திட்டின் கோள வரிசைகள் பட்டையின் தளத்துக்கு 10 டிகிரி சாய்ந்து நிற்கின்றன என்று பொருள். முகத்தை அந்த 10 டிகிரிக்குத் திருப்பிச் சாணை பிடித்தால் சிவப்பு நேரே நம்மைப் பார்க்கும். ஆனால் மேலே போட்ட கணக்கு நினைவிருக்கும்: பட்டைக்கு 10 டிகிரி சாய்வாக வெட்டினால் 2 மில்லிமீட்டர் பட்டை 11 மில்லிமீட்டர் நீளத்துக்குள் தீர்ந்துவிடும். ஓரங்களில் கொஞ்சமாவது தடிமன் வேண்டும் என்று பார்த்தால் 7, 8 மில்லிமீட்டர் கல்தான் மிஞ்சும். ஆக, 14 மில்லிமீட்டரில் பச்சை முகமும் ஒளிந்திருக்கும் சிவப்பும், அல்லது 8 மில்லிமீட்டரில் நேர்ச்சிவப்பு.

நான் பெரிய கல்லின் பக்கம். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. பெரிய கல்லாக முடித்த பிறகு மனம் மாறினால், அதைச் சிறிய சிவப்புக் கல்லாக மறுபடி சாணை பிடிக்க முடியும். சிறிய கல்லிலிருந்து பெரிய கல்லுக்குத் திரும்ப வழியில்லை. எந்தக் கட்டத்திலும், அடுத்த கட்டத்தில் அதிக வழிகளைத் திறந்துவைக்கும் முடிவையே எடுப்பது இந்தத் தொழிலில் நல்லோர் கைக்கொள்ளும் முறை.

அதோடு, கல் எங்கே போய் அமரப்போகிறது என்பதையும் எண்ண வேண்டும். பதக்கத்தில் தொங்கும் கல் பெரும்பாலும் ஒரே கோணத்தில் நிற்கும். அதற்கு நேர் முகத்திலேயே நிறம் வேண்டும். மோதிரக் கல் ஓயாமல் திரும்பும். அதை அணிந்தவர் தேநீர்க் கோப்பையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு எழுந்து அணையும். எனக்கென்னவோ, எப்போதும் தெரியும் சிவப்பைவிட அப்படித் திடீரென வரும் சிவப்பே ஓபலின் உயிர் என்று தோன்றுகிறது.

மேற்புறத்தை எவ்வளவு குவிப்பது? தட்டையான பரப்பில் ஒளி எல்லா இடத்திலும் ஒரே கோணத்தில் நுழைகிறது. நிறம் மொத்தமாக எரியும், மொத்தமாக அணையும். குவிந்த பரப்பில் ஒவ்வோர் இடத்திலும் ஒளி வேறு கோணத்தில் வளைகிறது. ஏதேனும் ஒரு மூலையில் நிறம் தங்கும். குவிவுக்கு விலை பட்டையின் தடிமன். மேடு மேலே வர ஓரங்களைச் சீவ வேண்டும். 2 மில்லிமீட்டர் பட்டையில் ஓரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் மிஞ்சுவது அரை. பட்டை நடுவில் லேசாக மேடிட்டு வளைந்திருந்தால் அந்த வளைவையே கல்லின் வளைவாக எடுத்துக்கொள்ளலாம். இயற்கை அப்படிக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

பின்புறம் கருப்புப் பாட்ச். நிறமில்லாததுதானே என்று அதை அறுத்தெறிய நினைத்தால் கல்லின் பாதி அழகை அறுத்தெறிவோம். நிறப்பட்டையைத் தாண்டி உள்ளே போகும் ஒளியைக் கருமை விழுங்கிவிடுகிறது. திரும்பிவருவது கோளங்கள் தேர்ந்தெடுத்த நிறம் மட்டுமே. கறுப்பு ஓபல் அத்தனை துலங்கக் காரணம் இந்தப் பின்திரை. இயற்கையாக ஒட்டியிருக்கும்வரை அது முழுக் கல். அதை நீக்கிவிட்டு வேறொரு கருங்கல்லைப் பசையால் ஒட்டினால் ‘டப்லட்’, விலை சரேலென்று இறங்கும். அதற்காகப் பாட்சைக் கொழுக்க விட்டுவிடுவதும் நேர்மையாகாது. காரட் கணக்கில் வாங்குபவர் பின்புறத்துக்கும் பணம் கொடுக்கிறார்.

விரிசலைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். நிறத்தின் மயக்கத்தில் எல்லோரும் அதைத் தள்ளிப்போடுகிறோம். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் உள்விரிசல் வெள்ளித் தகடுபோல் பளிச்சிடும். சில ஓபல்கள் மண்ணிலிருந்து வெளிவந்து ஈரம் இழக்கும்போது தாமாகவே வலைப்பின்னலாக வெடிக்கும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வர்ஜின் பள்ளத்தாக்குக் கற்கள் அதற்குப் பேர்போனவை. ஆகவே புதிதாக எடுத்த கல்லை அவசரப்பட்டுச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாமல், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உலரவிட்டுக் காத்திருப்போர் உண்டு. வெடிப்பதானால் உழைப்பைக் கொட்டுவதற்கு முன்பே வெடித்துவிடட்டும்.

எத்தியோப்பியாவின் வெல்லோ பகுதியில் 2008இல் கிடைக்கத் தொடங்கிய கற்கள் வேறுவிதமாகச் சோதிக்கின்றன. அவை தண்ணீரைக் குடிக்கும். குடித்ததும் பல கற்கள் கண்ணாடியாகத் தெளிந்து, நிறவிளையாட்டு மங்கிப்போகும்; உலர்ந்த பிறகே திரும்பும். தண்ணீர் இல்லாமல் சாணை பிடிக்கக் கூடாது, தண்ணீர் பட்டால் வழிகாட்டும் நிறம் தெரியாது. உலர்ந்திருக்கும்போதே முகத்தை முடிவு செய்து மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு பார்வை இழந்தவர் வீட்டுக்குள் நடப்பதுபோல் நினைவை நம்பி வேலை செய்ய வேண்டும். குயின்ஸ்லாந்தின் ‘போல்டர்’ ஓபலிலோ இரும்புப் பாறையின் வெடிப்பில் நிறம் தாள்போல் படிந்திருக்கும். அங்கே முகத்தைப் பாறையே தீர்மானித்துவிடுகிறது; அதன் மேடுபள்ளத்தோடு போவதைத் தவிர வெட்டுபவருக்கு வேறு வழியில்லை.

வெட்டாமல் விடுவதும் ஒரு முடிவுதான். 1956இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் சுமார் மூன்றரைக் கிலோ எடையில், 17,000 காரட் ஓபல் ஒன்று கிடைத்தது. அந்த ஆண்டு மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்ததால் ‘ஒலிம்பிக் ஆஸ்ட்ராலிஸ்’ என்று பெயரிட்டார்கள். ஏறக்குறைய முழுவதும் நிறமுள்ள கல். எத்தனையோ மோதிரங்களாகியிருக்கக்கூடியது, முழுதாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று என் மனத்துக்கு நெருக்கமானது. லைட்னிங் ரிட்ஜ் மண் டைனோசர் காலத்தது; புதைந்த எலும்பும் சிப்பியும் பல்லும் ஓபலாகவே மாறிக் கிடைக்கும். அங்கிருந்து வந்த ஒரு மூட்டைக் கச்சாக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஓபல் வணிகர் மைக் போபன், ஒரு துண்டில் பற்கள் இருப்பதைக் கண்டார். அது ஒரு சிறிய தாவர உண்ணி டைனோசரின் தாடை. 2018இல் அறிவியல் அதற்கு ‘வீவாராசாரஸ் போபெனி’ என்று பெயர் வைத்தது. போபன் அன்று துண்டைத் திருப்பிப் பார்க்காமல் சக்கரத்தில் வைத்திருந்தால் அது அழகான இரண்டு மூன்று கற்களாகியிருக்கும், அந்த விலங்கு வாழ்ந்ததே தெரியாமல் போயிருக்கும்.

நம் நாப்பியில் பல் ஏதும் இல்லை. தோலைச் சீவும் முன்பே பார்த்துவிட்டோம். பின்புறத்தைத் தட்டையாக்கி, மெல்லச் சூடுகாட்டி, குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டுகிறோம். சட்டென்று நெருப்பில் காட்டினால் இவ்வளவு நேரம் காத்த கல் இரண்டாகிவிடும். முகத்தின் தளம் பட்டையோடு. உச்சி மட்டும் சிவப்புத் திட்டு இருக்கும் பக்கம் அரை மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கட்டும். சக்கரங்கள் ஒன்றைவிட ஒன்று மென்மையாக மாறுகின்றன. முந்தைய சக்கரத்தின் கீறல் முழுதும் போகும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. கடைசியில் தோல் பட்டையில் சீரியம் ஆக்சைடு மெருகு.

ஒரு ஓரத்தில், நகக்கண் அளவுக்குச் சாம்பல் பாட்ச் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் முகம் முழுவதும் கால் மில்லிமீட்டர் இறங்க வேண்டும். எதிர் ஓரத்தில் பட்டை ஏற்கெனவே அரை மில்லிமீட்டர்தான். கல்லைத் துடைத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று, கைநீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்க்கிறோம். பச்சை, கொஞ்சம் சாய்த்தால் சிவப்பு. சாம்பல் புள்ளியை அப்படியே விட்டுவிட்டு, மோட்டாரை நிறுத்துகிறோம்.